நிதி ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? ராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

சேமிப்பு, முதலீடு பற்றி வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரிக் குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அந்த வீட்டில் ஒருவருக்கு ஒன்றாம் தேதி சம்பளம் வரும், ஐந்தாம் தேதி எஸ்ஐபி (மாதாமாதம் ஃபண்டில் போடும் தொகை) போகும், மார்ச் மாதம் வரிக் கவலை வரும். நம் பக்கம் அப்படிப்பட்ட வீடுகள் குறைவு. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் பாடு, அதாவது வலையில் மீன், கிடைத்தால்தான் பணம், கிடைக்காத நாளில் டீசல் செலவே கடனாக நிற்கும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் துபாயிலிருந்தும் சவூதியிலிருந்தும் வருகிற பணம். ராமேஸ்வரத்தில் கோயிலுக்கு வருகிற கூட்டத்தை நம்பிய லாட்ஜும் கடையும் ஆட்டோவும். சாயல்குடி, வாலிநோக்கம் பக்கம் கருவாடு, பனை, கரிமூட்டம், முண்டு மிளகாய். இதில் எந்தப் பணமும் மாதக் கணக்குப் பார்த்து வருவதில்லை.

அதனால் நிதி ஆலோசகரைத் தேடும்போது நாம் பார்க்க வேண்டியவை இரண்டு. அவருக்குப் பணம் யார் தருகிறார்கள்? நம் வீட்டுக்குப் பணம் எப்படி வருகிறது என்பது அவருக்குப் புரிகிறதா? பட்டம், அலுவலகத்து ஏசி, சுவரில் மாட்டிய விருதுகள் எல்லாம் அப்புறம்தான்.

முதலில், உங்களுக்கு ஆள் வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டியதில்லை. படகில் பங்குக்குப் போகிறீர்கள், கையில் பெரிய சேமிப்பு இல்லை, கடனும் அதிகமில்லை என்றால் ஆலோசகருக்குக் கட்டணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. வங்கிக் கணக்கு இருந்தால் ஆண்டுக்கு 436 ரூபாயில் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் 2 லட்ச ரூபாய் ஆயுள் காப்பீடு கிடைக்கும், 18 முதல் 50 வயதுவரை சேரலாம். சுரக்ஷா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் விபத்துக்கு 2 லட்சம், 70 வயதுவரை. வருமானச் சான்று 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. மீனவர்களுக்கென்று மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் குழு விபத்துக் காப்பீடு உண்டு, இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம். இவற்றில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று வங்கியிலும் மீன்வளத்துறை அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள். இதற்கு எந்த ஆலோசகரும் வேண்டாம்.

சொந்தமாக விசைப்படகு வைத்திருக்கிறீர்கள், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறீர்கள், நிலம் விற்ற தொகை கையில் இருக்கிறது, பிள்ளையின் படிப்பும் பெண்ணின் கல்யாணமும் நெருங்குகிறது, ஏற்கெனவே ஏழெட்டு பாலிசி இருந்தும் எது எதற்கென்று தெரியவில்லை. இப்படி இருந்தால் ஒரு நல்ல ஆலோசகர் தன் கட்டணத்தைவிட அதிகமாகவே மிச்சப்படுத்திக் கொடுப்பார்.

யார் யார் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள்

வீடு தேடி வருகிறவர் எல்லோரும் தன்னை ஆலோசகர் என்றுதான் சொல்வார். ஆனால் சட்டப்படி அவர்கள் தனித்தனி ஆட்கள்.

முதலாமவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். நம் ஊரில் அதிகம் பழகியவர், பெரும்பாலும் சொந்தக்காரர். மாமாவோ சித்தப்பாவோ பாலிசி போடச் சொன்னால் மறுக்க முடியாது என்பதுதான் பாதி வீடுகளில் பாலிசிகள் குவிந்த கதை. அவருக்கு வருமானம் காப்பீட்டு நிறுவனம் தரும் கமிஷன். சேமிப்பும் காப்பீடும் கலந்த பாலிசிகளில் முதல் ஆண்டுக் கமிஷன் அதிகம், இறந்தால் மட்டும் பணம் தரும் வெறும் டேர்ம் பாலிசியில் பிரீமியமே குறைவு என்பதால் கையில் கிடைப்பதும் குறைவு. அவர் எதை முதலில் எடுத்து வைப்பார் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாமவர், பலரின் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டுகளை விற்கும் விநியோகஸ்தர். இவரிடம் ஏஆர்என் என்ற பதிவு எண் இருக்கும், அதை வழங்குவது ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி. நீங்கள் போட்ட பணம் இருக்கும்வரை ஆண்டுதோறும் அதில் ஒரு சிறு பங்கு இவருக்குப் போய்க்கொண்டிருக்கும். நீங்கள் தனியாக எதுவும் கொடுப்பதில்லை, ஃபண்டின் செலவுக்குள்ளேயே அது அடங்கிவிடுகிறது. 2009 ஆகஸ்டுக்குப் பிறகு முதலீட்டாளரிடம் நுழைவுக் கட்டணம் பிடிக்கக் கூடாது, 2018 அக்டோபருக்குப் பிறகு ஃபண்ட் நிறுவனங்கள் முன்பணக் கமிஷன் கொடுக்கவும் கூடாது. அதனால் இந்தத் தொழிலில் பழைய அராஜகம் நிறையக் குறைந்திருக்கிறது.

மூன்றாமவர் வங்கி ஊழியர். நிரந்தர வைப்பு புதுப்பிக்கப் போனவரிடம் ‘இதில் வட்டி கூட’ என்று காட்டப்படும் விண்ணப்பம் சில நேரம் காப்பீட்டு விண்ணப்பமாக இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் இது கூடுதலாக நடக்கும், இலக்கு முடிக்க வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு. லாக்கருக்கோ கடனுக்கோ காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் அது விதிப்படி இல்லை.

நான்காமவர்தான், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர். 2013-ல் வந்த விதிகளின்படி இவர் உங்களிடம் மட்டும் கட்டணம் வாங்கலாம், உங்களுக்கு ஆலோசனை சொல்லிவிட்டு அதே பொருளுக்கு நிறுவனத்திடம் கமிஷன் வாங்க முடியாது. பதிவு எண் ஐஎன்ஏ என்று தொடங்கும். ஐஎன்ஹெச் என்று தொடங்கினால் அவர் ஆய்வாளர். பங்குகளைப் பற்றிப் பொதுவாக அபிப்பிராயம் சொல்லலாம், உங்கள் வீட்டுக்குத் திட்டம் போட்டுத் தருவது அவர் வேலை இல்லை. வாட்ஸ்அப் குழு நடத்துகிறவர்கள் இந்த எண்ணைக் காட்டி ‘செபி பதிவு’ என்று சொல்லிக்கொள்வது உண்டு. சிஎஃப்பி என்பது படித்து வாங்கும் சான்றிதழ், நல்லதுதான், ஆனால் அது செபி பதிவுக்கு ஈடாகாது. இன்னொன்று: 2020-க்குப் பிறகு செபியின் ஆலோசகர் பதிவு இல்லாமல் விநியோகம் மட்டும் செய்கிறவர் ‘சுயேச்சையான நிதி ஆலோசகர்’ என்று அட்டையில் போட்டுக்கொள்ளக் கூடாது. போட்டிருந்தால் அதுவே ஒரு குறிப்பு.

விநியோகஸ்தர் என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. நாடு முழுவதும் செபி பதிவு பெற்ற ஆலோசகர்கள் ஆயிரம் பேரை ஒட்டித்தான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நம் கடற்கரை ஊர்களில் கடை திறந்து உட்கார்ந்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. மதுரை, சென்னை ஆட்களிடம் வீடியோ காலில் பேசலாம், அது முறையானதுதான். ஆனால் உள்ளூரில் நேர்மையான விநியோகஸ்தர் ஒருவர் கிடைத்து, அவர் எப்படிச் சம்பாதிக்கிறார் என்று மறைக்காமல் சொன்னால், மாதம் மூவாயிரம் ஐயாயிரம் போடுகிறவருக்கு அதுவே போதுமானதாக இருக்கும்.

தேடுவதும் சரிபார்ப்பதும்

செபியின் இணையதளத்தில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர்கள் பட்டியல் இருக்கிறது. பெயரையோ பதிவு எண்ணையோ போட்டுப் பாருங்கள். பதிவு இன்னும் செல்லுபடியாகிறதா, பதிவில் உள்ள தொலைபேசியும் மின்னஞ்சலும் உங்களிடம் பேசுகிறவருடையதுதானா என்று ஒப்பிடுங்கள். வேறொருவரின் பதிவு எண்ணைத் திருடி நடத்தும் மோசடிகள் உண்டு. ஆம்ஃபி தளத்தில் அஞ்சல் குறியீட்டை வைத்தே விநியோகஸ்தர்களைத் தேடலாம், ராமேஸ்வரத்துக்கு 623526, கீழக்கரைக்கு 623517 என்று போட்டால் அந்தப் பகுதி ஆட்கள் வருவார்கள்.

ஜமாஅத்திலோ சங்கத்திலோ பங்குக் கோயிலிலோ பழகிய முகம் என்பது அறிமுகத்துக்கு உதவும், தகுதிக்குச் சான்றாகாது. இந்தக் கரையில் பெரிய தொகைகள் போனதெல்லாம் பெரும்பாலும் தெரிந்தவர் வழியாகத்தான். தெரியாத ஆளிடம் நாமே உஷாராக இருப்போம்.

போவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியது

ஒரு மாலை உட்கார்ந்து எல்லாக் காகிதத்தையும் எடுத்துப் போடுங்கள். வங்கிப் பாஸ்புக், பாலிசிப் பத்திரங்கள், நகை அடகு ரசீதுகள், ஏலச்சீட்டு அட்டை, மகளிர் குழுக் கடன், படகு லோன். அப்புறம், எந்தக் காகிதத்திலும் வராதவை: மீன் கம்பெனிக்காரரிடம் வாங்கிய முன்பணம், வேலையாட்களுக்கு நாம் கொடுத்து நிற்கும் முன்பணம், மச்சானிடம் கைமாற்று. கடைசியாகச் சொன்னவைதான் உண்மையான நிலவரம். இவற்றை மறைத்துவிட்டு ஆலோசகரிடம் போனால் அவர் போடும் திட்டம் வேறு யாருக்கோ போட்டதாக இருக்கும்.

பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரு வரி வீதம் எழுதுங்கள், போன வருடம் அந்த மாதம் ஏறக்குறைய என்ன வந்தது, என்ன போனது என்று. வாடைக்காற்று நாட்களும் புயல் எச்சரிக்கைகளும் நினைவுக்கு வரும். துல்லியம் தேவையில்லை. இந்தத் தாளைப் பார்த்ததும் ஆலோசகர் எத்தனை கேள்வி கேட்கிறார் என்பதே அவருக்கான முதல் பரீட்சை.

கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். கடலில் இருக்கும்போதும் வெளிநாட்டில் இருக்கும்போதும் வீட்டுக் கணக்கைப் பார்ப்பது பெண்கள்தான். ஆனால் பாலிசியில் கையெழுத்துப் போட மட்டும் அவர்களைக் கூப்பிடுவது நம் வழக்கமாக இருக்கிறது. ‘அண்ணன் வரட்டும், அவரிடம் பேசிக்கொள்கிறேன்’ என்று சொல்கிற ஆலோசகர் உங்களுக்கு வேண்டாம்.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

‘உங்களுக்கு வருமானம் எங்கிருந்து?’ என்று நேராகவே கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், நல்ல ஆள் இதற்குக் கோபப்பட மாட்டார். கட்டணம் என்றால் எவ்வளவு, கமிஷன் என்றால் எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஃபண்டில் பணம் போட்டிருந்தால் உங்கள் கையிலேயே ஆதாரம் உண்டு: ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில் விநியோகஸ்தருக்குப் போன கமிஷன் ரூபாய்க் கணக்கில் அச்சாகியிருக்கும். பலர் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை.

அடுத்தது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அரசு நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். வீட்டுச் செலவு மாதம் 20,000 என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 40,000 வேண்டும், நிவாரணம் போக 32,000 துண்டு விழும். அதை மற்ற பத்து மாதத்தில் சேர்க்க மாதம் 3,200 எடுத்து வைக்க வேண்டும். படகு உரிமையாளருக்கு இதே இரண்டு மாதம்தான் படகைக் கரையேற்றி மராமத்து, பெயின்ட், இன்ஜின் வேலை பார்க்கிற காலம், ஆகவே துண்டு இன்னும் பெரிது. இந்தக் கணக்கைப் போடாமல் ‘மாதம் ஐயாயிரம் எஸ்ஐபி போடுங்கள்’ என்று ஆரம்பிக்கிறவருக்கு நம் ஊர் தெரியவில்லை. மே மாதம் கணக்கில் பணம் இல்லாமல் எஸ்ஐபி திரும்பினால் வங்கி அபராதம் பிடிக்கும், தொடர்ந்து மூன்று முறை திரும்பினால் எஸ்ஐபியே ரத்தாகிவிடும். விஷயம் தெரிந்தவர் என்ன சொல்வார்? தடைக்காலப் பணத்தை முதலில் தனிக் கணக்கில் சேர்க்கச் சொல்வார். எஸ்ஐபி தொகையைச் சின்னதாக வைத்து, பாடு நன்றாக இருக்கும் வாரங்களில் மொத்தமாகக் கொஞ்சம் போடச் சொல்வார். பல ஃபண்டுகளில் எஸ்ஐபியைச் சில மாதம் நிறுத்திவைக்கும் வசதி இருப்பதையும் அவரே எடுத்துச் சொல்வார்.

கடனைப் பற்றி அவர் கேட்கிறாரா என்று கவனியுங்கள். மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி என்பது ஆண்டுக்கு 36 சதவீதம். உலகத்தில் எந்த மியூச்சுவல் ஃபண்டும் நிச்சயமாக அந்த அளவு தராது. மூன்று வட்டிக் கடன் தலைக்கு மேல் இருக்கும்போது முதலீடு செய்யச் சொல்வது ஓட்டைப் படகில் ஐஸ் ஏற்றுவது மாதிரி. முதலில் அதை அடைக்க வழி சொல்ல வேண்டும், குறைந்தபட்சம் வங்கி நகைக்கடனுக்கு மாற்றவாவது சொல்ல வேண்டும். இதில் ஆலோசகருக்குக் கமிஷன் எதுவும் கிடைக்காது. அதனாலேயே இந்தக் கேள்வி நல்ல அளவுகோல்.

இனி உயிருக்கான காப்பீடு. கடலுக்குப் போகிறவரின் டேர்ம் பாலிசி விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் மீன்பிடித்தல் என்றே எழுத வேண்டும். ‘வியாபாரம் என்று போட்டுவிடலாம், பிரீமியம் குறையும்’ என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். காப்பீட்டுச் சட்டம் 45-வது பிரிவின்படி பாலிசி தொடங்கி மூன்று ஆண்டு கடந்த பிறகு நிறுவனம் அதைக் கேள்வி கேட்க முடியாது, ஆனால் அந்த மூன்று ஆண்டுக்குள் ஏதாவது நடந்தால் பொய்யான தகவலைக் காட்டி மறுக்கலாம். அப்போது அலைய வேண்டியது வீட்டில் இருப்பவர்கள்.

இதைவிடக் கடினமான ஒன்றும் இருக்கிறது, யாரும் பேச விரும்பாதது. கடலில் காணாமல் போனவரின் உடல் கிடைக்காவிட்டால், பொதுவான சட்டப்படி ஏழு ஆண்டு தகவல் இல்லாதிருந்தால்தான் இறந்ததாகக் கருத முடியும். அதுவரை பாலிசி உயிரோடு இருக்க அந்தக் குடும்பம் பிரீமியம் கட்டிக்கொண்டே வர வேண்டியிருக்கலாம். 2017 ஒக்கிப் புயலில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு அரசு தனியாக ஏற்பாடு செய்தது, எல்லாச் சம்பவத்துக்கும் அப்படி நடக்கும் என்று இருக்க முடியாது. ஆலோசகரிடம் இந்தச் சூழ்நிலையைச் சொல்லி, ‘அப்படி ஆனால் வீட்டில் இருப்பவர்கள் முதல் ஆறு மாதம் எந்தப் பணத்தில் ஓட்டுவார்கள்?’ என்று கேளுங்கள். மனைவி பெயரிலோ கூட்டாகவோ உடனே எடுக்கக்கூடிய தொகை ஒன்று இருக்க வேண்டும் என்பதுதான் சரியான பதிலின் தொடக்கம். எல்லையில் படகு பிடிபட்டால் என்ன என்பதும் இதே வகைக் கேள்விதான். ஆட்கள் விடுதலையாகி வந்தாலும் படகு வராமல் போகலாம், லோன் தவணை மட்டும் நிற்காது. மொத்தச் சொத்தும் ஒரே படகில் இருக்கிற குடும்பத்துக்கு, படகைச் சாராத சேமிப்பு எவ்வளவு வேண்டும் என்று எண் போட்டுச் சொல்லத் தெரிய வேண்டும்.

வட்டி வேண்டாம் என்கிறவர்களுக்கு

மார்க்க ரீதியாக வட்டியைத் தவிர்க்கும் குடும்பங்கள் இந்தக் கரையில் ஏராளம். அதை ஆலோசகர் ஒரு இடைஞ்சலாகப் பார்த்தால் வேறு ஆளைப் பாருங்கள். ஷரீஅத் வரையறைக்குள் முதலீடு செய்யும் ஃபண்டுகள் இந்தியாவில் சில இருக்கின்றன, டாடா எத்திகல் ஃபண்ட் அவற்றில் ஒன்று. ஆனால் இவை எல்லாம் பங்குச் சந்தை சார்ந்தவை, ஏறும் இறங்கும். இரண்டு வருடத்தில் கல்யாணம் என்றால் அந்தப் பணத்தை இதில் போடக் கூடாது. ‘ஹலால் முதலீடு, மாதம் நிச்சய லாபம்’ என்று யாராவது வந்தால், பதிவு எண் கேளுங்கள். லாபத்தை முன்கூட்டியே நிச்சயம் செய்து தருவது மார்க்கப்படியும் சரி வராது, செபி விதிப்படியும் சரி வராது. மார்க்கத்தின் பெயரைச் சொல்லி நம் ஆட்களிடமே வசூல் செய்கிறவர்களிடம் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும்.

வளைகுடாவில் இருந்தால்

வேலைக்காக வெளிநாடு போனதும் இங்குள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் இருப்பவர்களின் உள்நாட்டு வருமானத்துக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்பும் சம்பாத்தியத்தை அதற்கென்றே உள்ள என்ஆர்இ கணக்கில் போட்டால் அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை, திரும்ப வெளியே கொண்டுபோகவும் தடையில்லை. ஆலோசகரின் அறிவைச் சோதிக்க ஒரு சின்னக் கேள்வி: ‘நான் துபாயில் இருக்கிறேன், என் பெயரில் தபால் அலுவலக மாத வருமானத் திட்டம் தொடங்கலாமா?’ முடியாது என்பதுதான் பதில். பொது வருங்கால வைப்பு நிதியான பிபிஎஃப் கணக்கும் புதிதாகத் தொடங்க முடியாது. ‘உள்ளூர் முகவரி கொடுத்துப் போட்டுவிடலாம் காக்கா’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊர் திரும்பும் திட்டத்தையும் கேளுங்கள். பதினைந்து இருபது வருடம் அனுப்பிய பணம் பெரும்பாலும் வீடாக நிற்கிறது, அதுவும் பாதி நாள் பூட்டிய வீடாக. திரும்பி வந்தபின் மாதம் எவ்வளவு வேண்டும், அது எதிலிருந்து வரும் என்று கணக்குப் போடாத ஆலோசனையால் பயன் இல்லை.

கட்டணம்

செபி பதிவு பெற்ற ஆலோசகர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு நிலையான கட்டணமாக அதிகபட்சம் 1,51,000 ரூபாய் வாங்கலாம், அல்லது அவர் ஆலோசனையில் இருக்கும் சொத்து மதிப்பில் ஆண்டுக்கு 2.5 சதவீதம் வரை. இவை மேல் வரம்புகள், பலர் இதைவிட மிகக் குறைவாகவே வாங்குகிறார்கள். சொத்து விகிதக் கட்டணத்தைவிட நிலையான தொகை நமக்கு நல்லது என்பது என் கருத்து. விகிதம் என்றால் கடனை அடைக்கச் சொல்லவும் நிலத்தில் பணம் போட விடவும் அவருக்கு மனம் வராது. ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது விதி, வங்கி வழியாகவோ யுபிஐ மூலமாகவோதான் கொடுக்க வேண்டும்.

‘சும்மா கிடைக்கிற ஆலோசனைக்கு எதற்குக் காசு?’ என்று தோன்றும். ஒரு கணக்கு. மாதம் 5,000 ரூபாய் வீதம் 20 ஆண்டு, ஆண்டுக்கு 11 சதவீதம் வளர்ந்தால் சுமார் 43 லட்சம் ஆகும். செலவு ஒரு சதவீதம் கூடி 10 சதவீதமாகக் குறைந்தால் சுமார் 38 லட்சம். ஐந்து லட்சம் வித்தியாசம். கமிஷன் இல்லாத டைரக்ட் திட்டங்கள் 2013 ஜனவரியிலிருந்து இருக்கின்றன, கட்டணம் வாங்கும் ஆலோசகர் அவற்றைத்தான் காட்டுவார். அதே நேரம், சேமிப்பே ஒரு லட்சம்தான் என்றால் இருபதாயிரம் கட்டணம் கொடுப்பது முட்டாள்தனம். தொகையைப் பொறுத்து முடிவெடுங்கள்.

பாலிசிக்கும் இதே மாதிரி கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஆண்டுக்கு 50,000 வீதம் 20 ஆண்டு கட்டி முடிவில் 18 லட்சம் என்றால் காதுக்குப் பெரிதாகத்தான் இருக்கும். கணக்குப் பார்த்தால் ஆண்டுக்கு 5 சதவீதத்துக்குச் சற்று மேல்.

எழுந்து வந்துவிட வேண்டிய இடங்கள்

லாபத்துக்கு உத்தரவாதம் கொடுத்தால். காசோலையை அவர் பெயருக்கோ அவர் நிறுவனத்தின் பெயருக்கோ எழுதச் சொன்னால் (முதலீட்டுப் பணம் எப்போதும் ஃபண்டின், வங்கியின் அல்லது காப்பீட்டு நிறுவனத்தின் பெயருக்குத்தான் போக வேண்டும்). ஓடிபி கேட்டால். வெற்று விண்ணப்பத்தில் கையெழுத்துக் கேட்டால். உங்கள் கைப்பேசி எண்ணுக்குப் பதிலாக அவர் எண்ணைக் கணக்கில் போட்டால்; இதைச் செய்துவிட்டால் பணம் எடுக்கப்படுவதுகூட உங்களுக்குத் தெரியாது. இன்றைக்கே முடிவு சொல்லுங்கள் என்று அவசரப்படுத்தினால்.

ஏலச்சீட்டையும் அவரே நடத்துகிறார் என்றால் 1982 சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவு செய்திருக்கிறாரா என்று மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்கலாம். பதிவான சீட்டில் நடத்துகிறவரின் கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஊரில் நடக்கும் சீட்டுகளில் பெரும்பாலானவை பதிவில்லாதவை என்பது எல்லோருக்கும் தெரியும். சிறு தொகையில், பத்துப் பதினைந்து பேருக்குள், கண்ணெதிரே நடப்பதை விடச் சொல்லி நான் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. பெண்ணின் கல்யாணப் பணத்தை மட்டும் அதில் வைக்காதீர்கள்.

ஒப்பந்தமும் அதற்குப் பிறகும்

செபி பதிவு பெற்றவர் என்றால் எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம், உங்கள் ரிஸ்க் தாங்கும் திறனைக் கேள்வி கேட்டு மதிப்பிட்டிருக்க வேண்டும், அதன் பிரதியும் உங்களுக்குத் தர வேண்டும். காகிதம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் விளக்கச் சொல்லி, முக்கியமானதை உங்கள் கைப்பட எழுதிக்கொள்ளுங்கள். ஆயுள் காப்பீடு, மருத்துவக் காப்பீடு எடுத்தால் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கலாம். சில சில்லறைப் பிடித்தங்கள் போகப் பணம் வந்துவிடும். பத்திரம் வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டாமல் அந்த மாதத்துக்குள்ளேயே வேறு ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

எல்லாக் கணக்கிலும் நாமினி இருக்கிறதா, பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். சூசை என்றும் சூசைராஜ் என்றும் இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி இருந்தால் பின்னால் அதுவே பெரிய அலைச்சல்.

ஆண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். படகுக்காரர்களுக்குத் தடைக்காலமே தோதான நேரம், வளைகுடாக்காரர்களுக்கு விடுமுறையில் ஊருக்கு வரும்போது. அந்தக் கூட்டத்தில் அவர் புதிதாக விற்க மட்டும்தான் வருகிறார் என்றால் மாற்றலாம். ஃபண்டுகளை விற்காமலேயே விநியோகஸ்தரை மாற்ற முடியும், அவர் சம்மதம் தேவையில்லை. டைரக்ட் திட்டத்துக்கு மாறுவது மட்டும் விற்று வாங்கியதாகக் கணக்கில் எடுக்கப்படும். வரியும் வெளியேறும் கட்டணமும் வரலாம் என்பதால் கணக்குப் பார்த்துச் செய்யுங்கள்.

தவறு நடந்தால் எங்கே போவது

செபி பதிவு பெற்றவர், ஃபண்டுகள், பங்குத் தரகர்கள் மீது செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் செய்யலாம், கட்டணமில்லாத் தொலைபேசி 1800 266 7575, தமிழிலும் பேசலாம். காப்பீடு என்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் எழுத்தில், அப்புறம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 155255, அதற்கும் மேல் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). அவரிடம் போக வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை. வங்கி என்றால் ரிசர்வ் வங்கியின் 14448. பதிவில்லாமல் டெபாசிட் வாங்கி ஏமாற்றியவர் மீது காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்க வேண்டும், முதலீட்டாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் 1997-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. ரசீது, வாட்ஸ்அப் செய்தி, பணம் அனுப்பிய விவரம் எதையும் அழிக்காதீர்கள். ஆன்லைனில் பணம் போயிருந்தால் வேறு யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்க வாய்ப்பு இருக்கிறது.